பிள்ளைகளுடன் முல்லைத்தீவுக் கடலோரம்

விடுமுறை என்றதும் பிள்ளைகள் கேட்பது கடல் ஒன்றைத்தான். வவுனியாவில் வாழும் நமக்கு அது எளிதில் நிறைவேற்றத்தக்க வேண்டுகோளன்று. குளங்களுக்குக் குறைவில்லாத மாவட்டம் நம்முடையது. கடலோ ஒரு முழந்தானும் இல்லை. மாங்குளம் வரை சென்று, கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டானைக் கடந்து முல்லைத்தீவை அடைதல் வேண்டும். சென்ற ஆண்டு அவ்விதமே குடும்ப சமேதராய்ச் சென்று, கரையோரமாக ஒரு சிறு வீட்டை நான்கு நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்தித் தங்கினோம். பிள்ளைகுட்டிகளுடன் அங்கு செல்ல எண்ணும் பெற்றோருக்குப் பயன்படலாம் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

காலத்தை முதலிற் கவனித்தல் வேண்டும். பள்ளி விடுமுறை மார்கழியிலும் வருகிறது. ஆனால் அக்காலத்தில் வாடைக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து நேரே கரைமீது மோதும். கடல் கலங்கி மண்ணிறமாகிவிடும். கடலையே நம்பி வாழ்வோரும் வள்ளங்களைக் கரையேற்றி வைக்கும் நாட்கள் அவை. பிள்ளைகளை நீரில் இறக்குவதற்குச் சித்திரை விடுமுறையோ ஆவணி விடுமுறையோதான் ஏற்றது. நாம் சென்றது ஆவணியில்.

யாழ்ப்பாணத்து உறவினர் காரைநகரின் கசூரினாக் கடற்கரையைப் பற்றிப் பெருமை பேசுவர். அது நியாயமான பெருமையே. அங்கே நெடுந்தூரம் நடந்தாலும் நீர் ஆழங்காட்டாது. சிறு குழந்தையும் அமர்ந்து விளையாடலாம். முல்லைத்தீவு அத்தகையதன்று. அது திறந்த பெருங்கடலின் கரை. மணல் சரிவாக இறங்குகிறது. சில அடிகள் வைத்த மாத்திரத்தில் முழங்கால் நீர் மார்பளவாகிவிடும். அலைகளுக்கிடையே ஓரிடம் மட்டும் நுரையின்றி அமைதியாகக் காணப்படுமாயின், அதுவே குளிக்க நல்ல இடமென்று புதியவர் எண்ணுவர். கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். அந்த நீரோட்டத்திற் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் தப்பலாம். இதை நீரில் இறங்குமுன் மணலில் ஒரு கோடு கீறிப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அவர்களுக்கு இடுப்பளவே எல்லை. பெரியவர் ஒருவர் எப்போதும் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே நிற்பார்.

ஆவணியிலும் ஓர் ஆபத்து உண்டு. அதை நமக்கு உணர்த்தியவர் வாடியொன்றில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர். சோழகக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்து அலை தாழ்ந்து, கடல் குளம்போற் தோன்றும். இளையவளின் பந்து அன்று நீரில் விழுந்து, மெல்ல மெல்ல வெளியே நகர்ந்தது. அவள் பின்னே ஓடினாள். முதியவர் எழுந்து வந்து மறித்தார். "விடு பிள்ளை, அது போகட்டும். தம்பி, காத்து நிலத்திலயிருந்து வீசேக்க பந்து, ரியூப் ஒண்டும் தண்ணியில விடாதேயுங்கோ. பிள்ளையும் அதோட போயிடும்" என்றார். சற்று நேரத்தில் அப்பந்து ஒரு புள்ளியாகி மறைந்தது. இளையவள் அழுதாள், முதியவர் அவளைக் கரைவலைக் கயிற்றைப் பிடிக்க அழைத்துச் சென்றார். மடி கரையேறியபோது சூடையும் நெத்தலியும் வெள்ளிபோற் துள்ளியதைக் கண்டு பந்தை மறந்தாள்.

ஏனைய கரைகளையும் பார்த்து வந்தோம். தெற்கே நாயாறு கண்ணுக்கு இனியது. ஆயினும் களப்பு கடலோடு கூடும் முகத்துவாரத்தில் நீரோட்டத்தை நம்புதல் தகாது. நந்திக்கடல் இறாலுக்கும் பறவைகளுக்கும் பேர்போனது. பார்ப்பதற்கன்றிக் குளிப்பதற்கு அதனை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாயிருந்து, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. அது வேறொரு பயணத்துக்கு உரியது. நமக்குப் பெரிதும் பிடித்தது சிலாவத்தைக் கரைதான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு இக்கரையில்தான் தீர்த்தமெடுப்பர். அந்த உப்புநீரிலேயே முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரிப்பது வழக்கம். இதைக் கேட்ட மூத்தவள் ஒரு போத்தலில் கடல்நீர் நிரப்பிக்கொண்டாள். அதனை என்ன செய்வாளோ அறியோம்.

வட்டுவாகற் பாலத்தைக் கடந்து சென்றால் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற இடம். களப்புக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் பல்லாயிரவர் மாண்டனர். அங்கே நாம் குளிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கிச் சற்று நேரம் நின்றோம். பிள்ளைகள் கேட்டனர், வயதுக்கு ஏற்றவாறு சொன்னோம். விளையாட வந்த பிள்ளைகளிடம் இவையெல்லாம் எதற்கு என்று நண்பர் ஒருவர் பின்னர் கடிந்துகொண்டார். நாம் அவ்விதம் கருதவில்லை.

நம் வீட்டு அம்மம்மா நான்கு நாட்களும் மணலை மிதிக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை இக்கரையில் தம் தங்கையை இழந்தவர் அவர். சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த பூமியதிர்ச்சியின் அலை இங்கு வந்துசேர ஏறக்குறைய 2 மணி நேரம் எடுத்தது. அந்நாளில் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. மூன்றாம் இரவு அம்மம்மா தாமாகவே பிள்ளைகளை அழைத்து, கடல் திடீரென உள்வாங்கினாலும் பொங்கினாலும் செருப்பைத் தேடாமல், ஆளைத் தேடாமல், உள்நாட்டுப் பக்கம் ஓடவேண்டும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாட் காலை மூத்தவள் தங்கையையும் கூட்டிக்கொண்டு, வீட்டின் பின்புற ஒழுங்கையால் மேட்டுப்பக்கம் வரை நடந்து திரும்பினாள். ஓடினால் 11 நிமிடம் என்றாள். பிறகு தங்கையின் கால்களைப் பார்த்து, 15 என்று திருத்திக்கொண்டாள்.