நிரை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் இதழில் என் கட்டுரை வந்தது. கோப்பெங்கிற்குக் கிழக்கே, மலையடிவாரக் காட்டில் வழி தவறி, மழையில் நனைந்து, இருட்டுகிற நேரத்தில் வெளியே வந்த அனுபவம். சூரியன் சாய்ந்த திசையையும் ஓடைத் தண்ணீர் போன போக்கையும் வைத்து வழியைக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தேன். அது பொய். 'மனிதக் காலடி படாத காடு' என்று கட்டுரையைத் தொடங்கியிருந்தேன். அதுவும் பொய். படித்தவர்கள் பாராட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அன்று நடந்ததை நடந்தபடியே எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

2015இல் வேலை மாற்றலாகிக் கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு வந்தேன். அம்மாவும் கூட வந்தார். ஈப்போவில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் கூரைகளுக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக நிற்கும். மேற்கே கிளேடாங், கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். கிள்ளானில் முப்பது வருடம் அடுக்குமாடிகளையும் கண்டெய்னர் லாரிகளையும் பார்த்துக் கிடந்த எனக்கு, காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டத்துக்குள் மலை நிற்பது பெரிய விஷயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேடாங் ஏறத் தொடங்கினேன். மலையேறும் ஒரு குழு பழக்கமானது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். டாக்டர், பொறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர்கள் நடுவில் நான் ஒரு கணக்கர். மரங்களின் பெயர், பறவைகளின் குரல், அட்டை கடித்தால் என்ன செய்வது என்று தேடித் தேடிப் படித்தேன். ஒரு வருடத்தில், சந்தேகம் வந்தால் அவர்கள் என்னைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

நான் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பெங் பக்கம் போனோம். அடிவாரத்தில் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் காட்டுக்குள் ஏற வேண்டும். பால் சீவுவதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டதால், மரங்களுக்கு நடுவே வேறு மரங்கள் முளைத்து, கொடி படர்ந்து, கீழே புதர் மண்டி, தெரியாதவர்களுக்கு அதுவும் காடாகவே தெரியும். வெயில் ஏறியதும் தலைக்கு மேலே 'பட்' என்று ஒரு சத்தம். சிறிது நேரத்தில் இன்னொன்று. ரப்பர்க் காய் வெயிலில் வெடித்து விதை தெறிக்கும் சத்தம். என் உடம்பு முழுக்க அது கேட்டது. அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து அலறவிட்ட பையன் நான்.

ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒரு மரத்தடியில் நின்று, அடிமரத்தில் சாய்வாக ஓடிய தழும்புகளைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

நான் விளக்கினேன். பிரேசிலிலிருந்து 1876இல் விக்ஹம் விதை கொண்டுபோனது, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 மறுவருடம் சிங்கப்பூர் வந்தது, அவற்றில் 9 கோலகங்சாரில் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டது, அந்தப் பழைய மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டு நிற்பது, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையை ரிட்லி கண்டுபிடித்தது. பத்து நிமிடம் பேசியிருப்பேன். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சொன்ன பெயர் அத்தனையும் வெள்ளைக்காரர்களுடையது. அந்தத் தழும்புகளைப் போட்ட கைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆசிரியை கடைசியில் கேட்டார்: "உங்கள் ஆட்கள் எல்லாம் தோட்டத்தில் இருந்தவர்கள்தானே? உங்கள் குடும்பமும் அப்படியா?"

"இல்லை, எங்கப்பா ஆபீசில் இருந்தார்" என்றேன்.

அப்பா தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது இறந்துபோனார். அம்மா பல வருடம் மரம் சீவினார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பார் என்கிற ரப்பர் மரத் தோப்புக்குள் நுழைந்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். அவர் கணக்கில் 450 மரம். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப்போய், பால் வடியும் மங்குகளில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவேன். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது கிள்ளானுக்கு வந்தோம். அங்கே பள்ளியில் என் பக்கத்தில் உட்கார ஒருவன் மறுத்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து நான் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டேன். சாக்காகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் மறைத்ததைப் புரிந்துகொள்ளலாம். நாற்பத்தாறு வயதில், அன்பாகக் கேட்ட ஒருவரின் முகத்தைப் பார்த்து நான் சொன்னது வேறு வகை.

மரம் சீவுவது சும்மா வேலை இல்லை. பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை ஒட்டியே அதிகம். உளி உள்ளே போகவும் வேண்டும், பட்டைக்கு அடியில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தைத் தொடவும் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பிறகு சீவ முடியாது. சரியாகச் சீவினால் சில வருடத்தில் பட்டை புதிதாக வளர்ந்து, அதே இடத்தில் மறுபடி சீவலாம். பால்குழாய்கள் நேராக ஓடாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், கோடு இடது பக்கம் மேலேயும் வலது பக்கம் கீழேயும் இருக்க வேண்டும். "இடது மேலே, வலது கீழே" என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆனா ஆவன்னாவுக்கு முன்பே என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு பழைய ரப்பர் மரத்தைப் பார்த்தால் அதைச் சீவியவரின் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். அன்று ஆசிரியை தொட்ட மரம் வழவழவென்று இருந்தது. ஒரு முண்டு இல்லை. நல்ல கைக்காரர் யாரோ சீவிய மரம். அதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

அதே வருடம் அம்மா ஒரு நாள் கேட்டார்: "என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போய்யா. காட்டுக்குள்ள நான் போனதே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அத்தனை வருடம் மரங்களுக்கு நடுவே இருந்தவர் காட்டைப் பார்த்ததில்லை என்றால்? பிறகு யோசித்தபோது புரிந்தது. அம்மா பிறந்தது 1947இல். அடுத்த வருடம் ஜூன் 16ஆம் தேதி, இதே பேராக்கில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று தோட்டத்து வாசலில் பாட்டியைச் சோதனை போடுவதைக் குழந்தையாக இருந்த அம்மா பார்த்திருக்கிறார். காடு என்றால் போகக்கூடாத இடம். கடைசி நிரையோடு அவர்கள் உலகம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கருப்பாக நிற்கும் மரங்களைத் தூரத்திலிருந்து பார்த்தே வாழ்ந்துவிட்டார். எழுபத்தோரு வயதில் அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்.

"அட்டை இருக்கும்மா, உங்களால முடியாது" என்றேன். முடிந்திருக்கும். அப்போது அவர் கால் நன்றாக இருந்தது. குழுவில் இருப்பவர்களிடம் வெற்றிலை வாயோடு வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவாரே என்பதுதான் என் பயம்.

2022இல் கோப்பெங் பக்கம் வழி தவறியது இப்படித்தான். புதிய பாதை ஒன்றைப் பார்த்துவர நான் தனியாகப் போனேன். மதியம் மழை பிடித்துக்கொண்டது. முள்மண்டிய புதரைச் சுற்றிப் போனதில் வந்த வழி மறைந்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை, பிறகு கைப்பேசியே அணைந்துபோனது. சரிவில் இறங்கினால் எங்காவது போகலாம் என்று இறங்கினேன், வழுக்கினேன், மறுபடி ஏறினேன். ஆறு மணி தாண்டியது. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் குறையக் குறைய எனக்கு மூச்சு வாங்கியது. ஓடத் தொடங்கினேன். வழி தவறியவன் செய்யவே கூடாத காரியம் அது.

தடுக்கி விழப்போய் ஒரு மரத்தைப் பிடித்தேன். உள்ளங்கையில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி. மங்கைத் தாங்குவதற்காக மரத்தைச் சுற்றிக் கட்டும் கம்பி. மரம் பருத்து, பட்டை அதன் மேல் வளர்ந்து, முக்கால் பங்கை விழுங்கியிருந்தது. ஒரு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, இடமிருந்து வலமாகச் சாய்ந்த கோடுகள்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். கொடிகளையும் புதரையும் கண்ணிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தால், அதே மட்டத்தில் அடுத்த மரம். அதற்கடுத்து இன்னொன்று. நிரை. தோட்டத்தில் ரப்பர் மர வரிசைக்கு நிரை என்றுதான் பேர். மலைச்சரிவில் படிபோல மண்ணை வெட்டி, அதன் மேல் நட்டிருப்பார்கள்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது தீம்பாருக்குள் அம்மாவைத் தவறவிட்டு அழுது ஓடியிருக்கிறேன். கண்டுபிடித்து, முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அம்மா சொன்னார்: "வழி தவறிட்டா ஓடாத. ஒரு நிரையப் பிடி. எது குறுக்க வந்தாலும் அந்த நிரைய விடாத. ரோடு வந்துரும்." பாலைத் தூக்கிக்கொண்டு போக ஒவ்வொரு நிரையும் ஏதாவது ஒரு ரோட்டில் முடிந்தாக வேண்டும். தோட்டம் அப்படித்தான் போடப்பட்டது.

நிரையைப் பிடித்தேன். ஒவ்வொரு மரமாகக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தேன். மரம் விழுந்து இடைவெளி வந்த இடத்தில் அதே படியில் நேராகப் போய் அடுத்த மரத்தைத் தேடினேன். எழுபது மரம்வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. நன்றாக இருட்டியபோது செம்மண் ரோடு காலில் பட்டது. ரோட்டோரத்தில் பால் கொட்டும் பழைய சிமெண்டுத் தொட்டி. அதற்கப்பால் கம்பத்து விளக்குகள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கால்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அட்டைக் கடிகளில் வைத்தார். பிறகு, "எந்தக் காடுய்யா?" என்றார்.

"பெரிய காடும்மா. உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

இந்த ஒரு வரியை நினைக்காமல் நான் தூங்கிய இரவுகள் குறைவு. அவர் சொல்லிக்கொடுத்த வழியில் நடந்து உயிரோடு வந்து, அவர் கை என் காலில் இருக்கும்போதே சொன்ன வரி. அதன் பிறகு கட்டுரை எழுதினேன். ரப்பர் மரம் என்ற சொல்லே அதில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கோப்பெங் பக்கமே உலு கெரோ என்ற செமாய் பூர்வகுடிக் கிராமம் இருக்கிறது. ரஃப்ளீசியா பூவைப் பார்க்கப் போகிறவர்களை அந்த மக்களே வழிகாட்டி அழைத்துப்போவார்கள். பூ மலர்ந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. நாங்கள் போன அன்று வழிகாட்டிய இளைஞர் ஒரு கொடியைக் காட்டி, இதைத் தன் பாட்டி எதற்கெல்லாம் பயன்படுத்துவார் என்று சொன்னார். டாக்டர், பொறியாளர் எல்லோருக்கும் முன்னால், பாட்டி சொன்னது, பாட்டி சொன்னது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் அவருக்குப் பின்னால் தலை குனிந்து நடந்தேன்.

போன மாதம் ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. தன் அம்மா கிந்தா ஆற்றங்கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங் என்ற மரத்தட்டைச் சுழற்றி ஈயம் அரித்தவர் என்றார். அன்றைக்கு அதைச் சொல்லலாம் என்றுதான் என்னைக் கேட்டாராம். நான் ஆபீஸ் என்றதும் நிறுத்திக்கொண்டாராம்.

அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் அம்மாதான். அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். என் கட்டுரை வந்த இதழை வெற்றிலைப் பெட்டியோடு வைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டி அவ்வப்போது படிப்பார். இப்போது முட்டி தேய்ந்து வீட்டுக்குள்ளேயே கம்பு ஊன்றி நடக்கிறார். ஒரு மத்தியானம் இதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேல மழன்னு எழுதியிருக்க. கீழ சூரியன வச்சு வந்தேன்னு எழுதியிருக்க. மழையில சூரியன் எங்கய்யா தெரிஞ்சுது?"

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ் என்று சொன்னதை, அவரை ஏன் கூட்டிப்போகவில்லை என்பதை, கம்பியை, நிரையை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இதழைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்த பிறகு வெகுநேரம் பேச்சில்லை.

"மரத்துல முண்டு இருந்துச்சா?" என்றார்.

"ஆசிரியை தொட்ட மரத்துல இல்லம்மா. வழவழன்னு இருந்துச்சு."

தலையாட்டினார். "பால் இருக்கா?"

"பாக்கலம்மா."

"கீழ கன்னு மொளச்சிருக்கும்ல. ஒரு எலக் காம்ப ஒடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்று சொல்லிவிட்டு, இதழை மடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.