நாலே நிமிஷம்!

'நாலே நிமிஷம் போதும், ஒரு மணி நேர உடற்பயிற்சிக்குச் சமம்' என்று விளம்பரங்கள் பார்த்திருப்பீர்கள். இதன் பூர்வீகம் ஜப்பான். 1996-ல் இசுமி தபாட்டா குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒரு கோஷ்டி மிதமான வேகத்தில் தினம் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தது. இன்னொன்றுக்கு 20 செகண்ட் உயிரைக் கொடுத்து மிதி, 10 செகண்ட் மூச்சு வாங்கு. இப்படி ஏழெட்டு தடவை. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். இரண்டாவது கோஷ்டிக்கு அதில் ஒரு நாள் அரை மணி நிதான மிதியும் உண்டு. விளம்பரம் இதைச் சொல்லாது.

உடம்பு அதிகபட்சம் உறிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்தார்கள். நிமிஷத்துக்கு, கிலோ எடைக்கு, முதல் கோஷ்டிக்கு 5 மில்லி கூடியிருந்தது. இரண்டாவதுக்கு 7.

'7 தானே பெரிசு?' என்பீர்கள். புள்ளியியல்காரர் அவசரப்பட மாட்டார். கோஷ்டிக்கு ஏழே பேர். ஒருத்தர் உடம்புவாகு கொஞ்சம் விசேஷமாக இருந்தாலே சராசரி எகிறிவிடும்.

எனவே, இரண்டு பயிற்சிக்கும் வித்தியாசமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் 'நல் ஹைபாதிஸிஸ்'. பதினாலு பேருக்கும் எவ்வளவு கூடியது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, குலுக்கி, ஏழேழாகப் பிரியுங்கள். மொத்தம் 3432 விதமாகப் பிரிக்கலாம். அவற்றில் சராசரி வித்தியாசம் இரண்டு அல்லது அதற்கு மேல் வருவது 171-க்குள், அதாவது நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால், 'வெறும் அதிர்ஷ்டமாக இருக்காது' என்று ஹைபாதிஸிஸைத் தள்ளிவிடலாம். அதிகம் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அப்போதும் 'இரண்டும் சமம்' என்று நிரூபணமாகவில்லை. 'சொல்ல முடியாது', அவ்வளவே.

இந்தச் சீட்டுக் கணக்கு செல்ல, ஆட்களையும் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்திருக்க வேண்டும். தபாட்டா நடத்தியதோ இரண்டு தனித்தனிச் சோதனைகள். ஒன்றோடு ஒன்றை மோதவிட்டது பின்னால் வந்த விளம்பரக்காரர்கள்.

இன்னொன்று. மிதித்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள், பெரும்பாலும் கல்லூரி டீம்களில் ஆடியவர்கள். அவர்களுக்குக் கூடிய 7, அறுபது வயசில் பிரஷர் மாத்திரையும் முட்டிவலியுமாக இருக்கும் உங்கள் அப்பாவுக்கும் கூடும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. 20 செகண்ட் உயிரைக் கொடுப்பது என்பது அவர் விஷயத்தில் வெறும் பேச்சுவழக்காக இல்லாமல் போகலாம்.

ஜிம்மில் பணம் கட்டுமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர்? யார்? எப்படிப் பிரித்தார்கள்? பதில் வரும்வரை அப்பா நடக்கட்டும். அதற்குச் சந்தா கிடையாது.