பெயர் ஒன்று, பொருள் வேறு

தேடிய பொருள் கிடைத்துவிட்டால் மகிழ்கிறோம். கிடைத்தது நாம் தேடியதுதானா என்று நின்று பார்ப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக நான் இல்லாமற்போனதால் ஒரு தம்பியின் மனம் நொந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் நானும், எனக்கு ஓராண்டு இளைய தமிழ் மாணவர் ஒருவரும் ஒரே ஆய்வுப் பணியில் இருந்தோம். கணக்கிடும் நிரலைப் பைத்தான் மொழியில் அவர் எழுதினார். சரிபார்ப்பது என் பொறுப்பு. அந்நிரலை என் கோப்புறையில் இட்டு ஓட்டினேன். சோதனைக்கு 2, 4, 6, 8, 10 என்னும் எண்களைக் கொடுத்தேன். விலக்க வர்க்கச் சராசரி 8 என்று வந்தது. அவர் ஏட்டிலோ 10 என்றிருந்தது.

“கவனமில்லாமல் எழுதியிருக்கிறாய், தம்பி” என்றேன், அதுவும் பேராசிரியர் முன்னிலையில்.

“என் அறையில் பத்துதான் வந்தது, அண்ணா” என்றார். மேலே ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து நிரலின் முதல் வரியை நோக்கினேன். ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்னும் தொகுதியை அழைக்கும் வரி அது. 2014 முதல் பைத்தானோடு சேர்ந்தே வரும் தொகுதி. ஆனால் அழைத்தவுடன் மொழி அதை எங்கே தேடுகிறது? ‘சிஸ்.பாத்’ என்றொரு பட்டியல் உண்டு. ஓடும் நிரல் இருக்கும் கோப்புறைக்கே அதில் வழக்கமாக முதலிடம். அடுத்து, ‘பைத்தான்பாத்’ என்று நாம் குறித்துவைத்த இடங்கள். அதன் பிறகே மொழியோடு வந்த நூலகம். அப்பெயர் எங்கே முதலில் தென்படுகிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும்.

தொகுதி எவ்விடத்திலிருந்து வந்தது என்று அச்சிடச் செய்தேன். விடை என்னைத் தலைகுனிய வைத்தது. வந்தது நூலகத்திலிருந்து அன்று, என் கோப்புறையிலிருந்தே! முதலாண்டில் பயிற்சிக்காக எழுதி நான் மறந்துவிட்ட கோப்பு, அதே பெயரோடு அங்கே கிடந்தது. பள்ளியில் கற்றபடி, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகிய 40ஐ அதில் 5ஆல் வகுத்திருந்தேன். நூலகத் தொகுதியோ, மாதிரிக்குரிய முறைப்படி ஒன்றைக் குறைத்து 4ஆல் வகுக்கிறது. தம்பி அழைத்தது அதனை. வந்து நின்றது என்னுடையது. எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை.

இத்தொல்லை பிற மொழிகளும் அறிந்ததே. நாம் நிற்கும் கோப்புறையைத் தேடல் பட்டியலிலிருந்து ரூபி 2010இல் 1.9.2 பதிப்பிலும், பெர்ல் 2017இல் 5.26 பதிப்பிலும் நீக்கிவிட்டன. பிறர் இட்ட கோப்பும் அவ்வழியே நுழையலாமல்லவா? பைத்தானும் 2022இல் வந்த 3.11 பதிப்பில், நிரலின் கோப்புறையைச் சேர்க்காதிருக்க ஒரு விருப்பக்குறியைத் தந்தது. வேண்டுவோர் அதை இட்டு ஓட்டலாம்.

விடிந்ததும் தம்பியின் அறைக்கதவைத் தட்டினேன். இருவரும் பேராசிரியரிடம் சென்றோம். பழித்த இடத்திலேயே பிழை என்னுடையது என்று சொன்னேன். திரும்பும்போது தம்பி ஒன்றே கேட்டார்: “அந்தக் கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிட்டீர்களா, அண்ணா?”

வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் விடை மாறி வந்தால், பிறரைக் கேட்குமுன் என் வீட்டைத்தான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.