நாலடி உயரம்

வன்னியில் நெல் அறுவடை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வயலோடு நின்றுவிடுகிறார்கள். விளைந்த கதிர், வெட்டும் மெசின், மூட்டை, விலை. அத்தோடு கதை முடிந்துவிடும். அந்த மெசின் வயலுக்கு எப்படி வந்தது, அடுத்த ஊருக்கு எப்படிப் போகிறது என்று கேட்பாரில்லை. காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மாசிமாதப் பின்னேரம், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டையைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓரத்தில் நான் போய் நின்றது அதைப் பார்க்கத்தான்.

வயலில் வேலை முடிந்து நின்றது ஒரு குபோட்டா டிசி-70. 70 குதிரைவலு, ஏறக்குறைய 3 தொன் நிறை, சில்லுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் பெல்ட். சேற்றில் புதையாமல் போவதற்கென்றே செய்யப்பட்டது; தார் ரோட்டுக்கு உதவாது. ரோட்டில் ஓடினால் பெல்ட் தேய்ந்து போகும், மாற்றுவதென்றால் முதலாளியின் அந்தப் போக உழைப்பில் பெரும்பங்கு போய்விடும். ஓடினாலும் மனிதன் விரைந்து நடக்கிற வேகந்தான். ஆகவே ஒரு வெளியில் வெட்டி முடிந்ததும் லொறியில் ஏற்றியே அடுத்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். பொலன்னறுவை, அம்பாறைப் பக்கமிருந்து மெசின்கள் இப்படித்தான் லொறி ஏறி வன்னிக்கு வருகின்றன. இங்கே முடிந்ததும் இன்னொரு பக்கம் போகின்றன. ஒரு போகத்துக்குள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று மெசின் ஓட்டுகிறவரைக் கேட்டேன். சிரித்தார். அவர் பொலன்னறுவைக்காரர், சிங்களவர். வன்னிக்கு வந்து வந்து பழகிய தமிழ். "எண்ணினா பயம் வரும் ஐயா" என்றார்.

லொறி பழைய லேலண்ட். பக்கப் பலகைகள் கழற்றப்பட்டு, தட்டு மொட்டையாக இருந்தது. நிலத்திலிருந்து தட்டுக்கு 4 அடி. இந்த 4 அடிதான் விஷயமே.

சரிவுக்கு இரண்டு இரும்புப் பலகை வைப்பார்கள். 8 அடிப் பலகை என்றால் ஏற்றம் 30 பாகை. அதில் 3 தொன் மெசினை ஏற்றுவது தற்கொலை. 12 அடிப் பலகை என்றால் 20 பாகைக்குச் சற்றுக் குறையும். 16 அடி என்றால் பதினாலரைப் பாகை, நிம்மதியாக ஏறலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரைத் தொன் தாங்கக்கூடிய 16 அடிப் பலகையை இரண்டு பேரால் தூக்க முடியாது. ஆகவே கையில் இருப்பது 12 அடிப் பலகை. மிச்சத்தை நிலத்திடம் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி என்பதில்தான் லொறிக்காரரின் திறமை இருக்கிறது. இந்த லொறி ஓடுகிறவர் வவுனியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வந்ததும் மெசினைப் பார்க்கவில்லை. இறங்கி வாய்க்கால் கட்டோரம் மேலும் கீழும் நடந்தார். காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் கட்டு வளைந்து பள்ளம் விழுந்திருந்தது. லொறியைப் பின்னுக்கு எடுத்து, பின்சில்லுகளை அந்தப் பள்ளத்தில் இறக்கினார். தட்டின் வால் ஒன்றரை அடி தாழ்ந்தது. பலகையின் அடி நிற்கப்போகும் கட்டு ஓரடி உயரம். 4 அடி ஒன்றரை அடியாகிவிட்டது. அதே 12 அடிப் பலகையில் ஏற்றம் 7 பாகை. அளவுநாடா எடுக்கவில்லை, கண்ணளவுதான்.

அதற்குப் பிறகுதான் பலகை. தர்மபுரத்துப் பொடியன் ஒருவன் உதவிக்கு. பலகையின் நுனியிலுள்ள கொளுக்கியைத் தட்டில் மாட்டி, சங்கிலி போட்டு லொறியின் சட்டத்தோடு இறுக்கினான். கொளுக்கி மட்டும் போதாதா என்று கேட்டதற்கு லொறிக்காரர் சொன்ன விளக்கம் எந்தப் பௌதிகப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல.

"மெசின் முன்னுக்கு ஏறேக்கை பெல்ட் பலகையைப் பின்னுக்குத் தள்ளும் தம்பி. கொளுக்கி ஒருக்காக் கழண்டால் பலகை போயிடும், மெசின் நடுவிலை நிக்கும். பிறகு ஆரும் ஒண்டும் செய்யேலாது."

பலகையில் குறுக்கே கம்பித் துண்டுகள் வெல்டிங் பண்ணி ஒட்டியிருந்தன, வழுக்காமல் இருக்க. அதுவும் போதாதென்று மணல் தூவினார்கள். பெல்ட்டில் அப்பியிருந்த சேற்றை மண்வெட்டியால் வழித்தார்கள். லொறியின் வாலுக்குக் கீழே மரக்குற்றி முண்டு கொடுத்தார்கள். 3 தொன் பின்நுனியில் ஏறும்போது லொறியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் கிளம்பப் பார்க்கும். முண்டு அதைத் தடுக்கும். சில்லுகளுக்குக் கட்டை. நெல்லுத் தாங்கி வெறுமையா என்று ஏறிப் பார்த்தார் மெசின்காரர். நெல் இருந்தால் பாரம் மேலே நிற்கும், சரிவில் மெசின் ஆடும். நெல்லைக் கொட்டும் குழாயை மடித்துப் பூட்டினார். அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது, மெசின் இன்னும் அசையவில்லை.

ஏற்றுவதற்கு ஐந்து நிமிடங்கூட எடுக்கவில்லை. பெல்ட் பலகையில் தொடுவதற்கு முன்பே மெசின்காரர் மெசினை நேராக்கிக்கொண்டார். பலகையில் ஏறிய பிறகு திருப்பக்கூடாது. திருப்பினால் ஒரு பெல்ட் நிற்க மற்றது ஓடி, மெசின் ஓரத்துக்குப் போகும். நடுவில் நிறுத்தக்கூடாது. வேகம் கூட்டக்கூடாது. பொடியன் லொறித் தட்டின் ஒரு மூலையில் நின்று கையைக் காட்ட, லொறிக்காரர் கீழே பக்கவாட்டில் நின்று குரல் கொடுத்தார். "ரைற்... ரைற்... ரைற்..." பஸ் கொண்டக்டர் குரல்தான். மெசின்காரர் பலகையைப் பார்க்கவே இல்லை. முன்னால் இரண்டு மீற்றர் அகல வெட்டுவாய் தூக்கி நிற்கிறது, கீழே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது பொடியனின் கையை மட்டும்.

ஆபத்தான இடம் பலகையின் நடுவிலல்ல, உச்சியில். மெசினின் முற்பாதி தட்டுக்கு மேலே வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும்; பாரம் ஒரு கோட்டைத் தாண்டியதும் மொத்தமாக முன்னுக்குச் சரிந்து தட்டில் குந்தும். அந்தக் கணத்தில் பயந்து லிவரைப் பின்னுக்கு இழுத்தவர்கள் உண்டு, அவசரப்பட்டு முன்னுக்குத் தள்ளியவர்களும் உண்டு. இவர் இரண்டும் செய்யவில்லை. லொறிக்காரரின் குரல் நீண்டது: "மெ...ல்...ல." மெசின் ஒருதரம் தலையசைத்துத் தட்டில் அமர்ந்தது. லொறியின் ஸ்பிரிங்குகள் முனகின. "ஹோல்ட்!"

வாய்க்கால் கட்டில் எங்களோடு நின்று பார்த்தவர்களில் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கனடாக்காரர். ஒன்ராறியோவில் பனியில் ஓடும் ஸ்னோமொபீலை இப்படித்தான் பிக்கப்பின் உயர்ந்த தட்டில் ஏற்றுகிறார்கள் என்றார். அதற்கும் அடியில் ரப்பர் பெல்ட்தான். 1937 இல் பல்லுச் சக்கரத்தில் ஓடும் பெல்ட்டுக்குக் காப்புரிமை பெற்ற கியூபெக்காரர் பொம்பார்டியே, 1959 இல் விற்பனைக்கு விட்ட ஸ்கீ-டூவின் வம்சம். நிறை இருநூறு, முந்நூறு கிலோதான். ஆனாலும் பலகையை வண்டியோடு கட்டாமல் ஏற்றிக் கவிழ்ந்தவர்களும், திரொட்டிலை முறுக்கி நேரே கபினில் போய் மோதியவர்களும் அங்கே நிறைய என்றார். விவரம் தெரிந்தவர்கள் பலகையே வைப்பதில்லையாம். ரோட்டோரம் குவித்த பனிமேட்டில் பிக்கப்பின் வாலை முட்ட விட்டு, மேட்டிலிருந்து நேரே தட்டுக்கு ஓட்டிவிடுவார்களாம். லொறிக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அங்கையும் கட்டுத்தான்" என்றார்.

வன்னியில் மெசின்காரர்களுக்கு முன்பே இந்த வேலையைப் படித்தவர்கள் லான்ட்மாஸ்டர்காரர்கள். எந்தக் கொம்பனியின் இருசில்லு உழவு இயந்திரமும் இங்கே லான்ட்மாஸ்டர்தான். அதைச் சின்ன லொறியில் ஏற்றுவது லேசென்று நினைப்பவர்கள் இறக்கிப் பார்க்க வேண்டும். சமதரையில் இடக்கைப் பிடியை இழுத்தால் இடச்சில்லு இழுப்பை விடும், மெசின் இடப்பக்கம் திரும்பும். பள்ளத்தில் இறங்கும்போது அதே பிடியை இழுத்தால் இடச்சில்லு கட்டறுந்ததுபோல் உருளும். மெசின் வலப்பக்கம் திரும்பும். பலகையில் நின்று, பழக்கத்தில் கை தவறினால் மெசின் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் பாயும். ஆகவே பலகையில் பிடியைத் தொடவே கூடாது, கைப்பிடியைத் தோளாலும் இடுப்பாலும் தள்ளியே நேர் பார்க்க வேண்டும். உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவர் இதை எனக்கு நடந்தே காட்டினார், வெறுங்கையோடு.

ஏற்றுவதென்பது இந்த மண்ணில் அறுவடையோடு மட்டும் சேர்ந்த விஷயமுமல்ல. 2008 இலும் 2009 தொடக்கத்திலும் போரால் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வீடு முழுவதும், கதவு நிலையும் கூரைத் தகரமும் உட்பட, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி கிழக்கே போனது. எதைக் கீழே வைப்பது, எதை மேலே கட்டுவது, முதியவர்களை எங்கே இருத்துவது என்பதெல்லாம் அப்போது சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த உழவு இயந்திரங்களில் பெருந்தொகை திரும்பி வரவில்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்த வாகனக் குவியல்களை மீள்குடியேறியவர்கள் பல வருடம் பார்த்தார்கள். இந்தியா வடக்குக்கு 500 உழவு இயந்திரங்கள் கொடுத்தது உழுவதற்கு உதவியது. வெட்டுவதற்கு வெளிமாவட்ட மெசின்களையே நம்ப வேண்டியிருந்தது. இன்று உள்ளூரிலும் மெசின் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனாலும் எல்லா வயலும் ஒரே கிழமைகளில் விளைவதால் வெளியாரை விட்டால் வழியில்லை.

கடைசியாகச் சங்கிலியைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அரைக் கட்டைக்குள் அவருக்கு இரண்டு ஏக்கர். நடுவில் ஆழமான வாய்க்கால், மெசின் கடக்க முடியாது. சுற்றிப் போய் இறக்கி ஏற்ற வேண்டும்.

"இறக்கினால் ரெண்டு ஏக்கர்தானே தம்பி, வெட்டிப்போட்டுப் போங்கோவன். நாளைக்கு மழை எண்டு சொல்லுறாங்கள்."

லொறிக்காரர் சங்கிலியை விட்டு நிமிர்ந்தார். "ரெண்டு ஏக்கருக்கு இறக்கி ஏத்தக் கட்டாது அக்கா. அங்காலை லொறி விடக் கட்டும் இல்லை, மேடும் இல்லை. இருட்டிலை வெறுந்தரையிலை ஏத்தேலாது."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த அம்மா கேட்டதிலும் பிழையில்லை. பக்கத்து வெளிக்காரர்களோடு பேசிப் பத்து ஏக்கராவது சேர்த்தால் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லி லொறி புறப்பட்டது. தட்டும் மெசினும் சேர்ந்து நிலத்திலிருந்து 13 அடி வரும். பொடியன் கவைத்தடியோடு மேலே ஏறி இருந்தான், தாழ்ந்து தொங்கும் ரெலிபோன் வயரைத் தூக்கிவிட. மின்சார வயர் என்றால் லொறியை நிறுத்திப் பார்த்துத்தான் போவார்களாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். மெசின் வாடகை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆனால் எந்த வயல் முதலில் வெட்டப்படுகிறது, எது மழையில் கிடந்து முளைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது வாடகை மட்டுமல்ல. பக்கத்தில் லொறி வாலை இறக்க ஒரு கட்டு இருக்கிறதா என்பதும்தான். கட்டு உள்ள இடத்தில் மெசின் இறங்கும். இல்லாத இடத்துக்கு, பெரிய காணி என்றால் வரும். சின்னக் காணிக்காரர், அதிலும் தனியாகக் குடும்பம் பார்க்கும் பெண்கள், வரிசையின் கடைசியில் நிற்பார்கள்.

கட்டு உள்ள இடத்திலும் நிலைமை நன்றாக இல்லை. முரசுமோட்டையில் லொறி இறங்கிய பள்ளம் தானாக விழுந்ததல்ல. வருடா வருடம் மெசின் ஏற்றி ஏற்றி விழுந்தது. இரணைமடுக் குளத்து நீர் ஓடும் வாய்க்காலின் கட்டு அது. கமக்கார அமைப்புக்காரர் ஒருவர் அதைக் காட்டிச் சத்தம் போட்டார்: சிறுபோகத் தண்ணீர் திறக்கும்போது இந்த இடத்தால்தான் உடைக்கும், மண்மூட்டை அடுக்கப் போவது நாங்கள், லொறிக்காரரா வருவார்? நியாயமான கோபம். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் கட்டென்பது விளையாட்டல்ல. லொறிக்காரரிடம் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: வேறெங்கே ஏற்றுவது?

இதற்குத் தீர்வு பெரிய திட்டமொன்றும் இல்லை. வெளிக்கு ஒன்றாக, வாய்க்காலை விட்டு விலகி, ரோட்டோரம் ஒரு மண்மேடை போதும். 4 அடி உயரம், 10 அடி அகலம், மேலே 10 அடி சமதரை, பின்னால் 30 அடி நீளச் சரிவு. லொறி முட்டும் முகத்தில் கருங்கல் கட்டு. கணக்குப் பார்த்தால் 1000 கன அடி, அதாவது 10 கியூப் கிரவல். டிப்பரில் மூன்று நாலு லோட். மெசின் அதில் எட்டுப் பாகைக்கும் குறைந்த ஏற்றத்தில் ஏறி, பலகையே இல்லாமல் தட்டுக்குப் போய்விடும். மூட்டை ஏற்றவும், மாடு ஏற்றவும், லான்ட்மாஸ்டர் இறக்கவும் அதே மேடை உதவும். கமநல சேவை நிலையங்களும் பிரதேச சபைகளும் நினைத்தால் அடுத்த காலபோகத்துக்கு முன்னர் செய்யலாம். கமக்கார அமைப்புகள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்க வேண்டும். இடம் எது என்பதை லொறிக்காரரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.