பாட்டியின் தாளம்

என் பாட்டி ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் சீவிய அவருடைய தாயார், பிள்ளைகளைத் தூளியில் இட்டுப் பாடிய தாலாட்டு ஒன்று பாட்டிக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சென்ற ஆண்டு என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, அந்தப் பாடலைப் பதிவுசெய்து பரிசாகக் கொடுக்க விரும்பினேன். சிங்கப்பூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையே ஒலிப்பதிவுக் கூடமானது.

என்னிடம் ஓர் ஒலிவாங்கியும் மின்னிசைப்பலகையும் மடிக்கணினியும் இருந்தன. பின்னணி இசையை முன்னரே வாசித்துப் பதிந்துவைத்தேன். பாட்டி அதைச் செவிப்பேசியில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும் என்பது என் திட்டம். நண்பனிடம் ஒரு செவிப்பேசியை இரவல் வாங்கினேன். பாட்டி அருமையாகப் பாடினார். ஆனால், பதிவைக் கேட்டபோது, அவர் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் என் இசை கொசுவின் ரீங்காரம்போல ஒலித்தது. செவிப்பேசியின் வெளிப்புறத்தில் இருந்த துளைகள் வழியே கசிந்த ஒலியை ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது.

மறுநாள் அப்பாவின் கம்பியில்லாச் செவிப்பேசியைப் பயன்படுத்தினோம். ஒலி கசியவில்லை. ஆனால், பாட்டியின் குரல் ஒவ்வோர் அடியிலும் இசைக்குச் சற்றுப் பின்தங்கியது. மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் அப்படியே.

பாட்டி செவிப்பேசியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வயசாயிடுச்சுய்யா. தாளம் என்னை விட்டுப் போயிடுச்சு. வேற யாரையாவது பாட வை,” என்றார்.

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அன்று இரவு பாத்திரம் துலக்கியபடி அவர் முணுமுணுத்த பாட்டில் தாளம் சிறிதும் பிசகவில்லை. தவறு வேறு எங்கோ இருந்தது.

சனிக்கிழமை, சேமித்து வைத்திருந்த 90 வெள்ளியுடன் ஓர் இசைக்கருவிக் கடைக்குச் சென்றேன். நான் கூறியதைக் கேட்ட விற்பனையாளர் சிரித்தார்.

“தம்பி, பாட்டிமேல் தவறில்லை. புளூடூத் வழியாக வரும் ஒலி காதை அடையச் சிறிது தாமதமாகும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே தாளம் பிசகிவிடும். பாட்டி, தம் காதில் கேட்டதற்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறார். பதிவுக்குக் கம்பியுள்ள, காதை முழுவதும் மூடும் செவிப்பேசிதான் ஏற்றது. துளையுள்ளவை பிறகு ஒலியைச் சீர்செய்யும்போது உதவும்,” என்றார்.

அலமாரியில் இருந்த பளபளப்பான ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. அதில் எனக்கு நன்கு பழக்கமான ஒரு பாடலைக் கேட்டேன். ‘கும் கும்’ என்ற அடியொலி குரலையே விழுங்கியது. அடுத்து, 75 வெள்ளி விலையுள்ள எளிய ஒன்றை அணிந்தேன். பாடகர் மூச்சு இழுக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. அதன் மின்மறுப்பு 32 ஓம். 250 ஓம் உள்ளவற்றை மடிக்கணினியில் நேராக இணைத்தால், பெரும்பாலும் ஒலி போதிய அளவு கேட்காதாம். பாட்டி மூக்குக்கண்ணாடி அணிபவர். கண்ணாடிக் காம்பு இடைவெளி உண்டாக்கினால் மீண்டும் ஒலி கசியும். அதனால், மெத்தை மென்மையாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தே வாங்கினேன்.

பின்தங்கிய குரலைக் கணினியிலேயே நகர்த்திச் சரிசெய்திருக்கலாம். ஆனால், பாட்டியின் மனத்தில் விழுந்த ஐயத்தை அப்படி நகர்த்த முடியாதே! நடந்ததை அவரிடம் விளக்கி, புதிய செவிப்பேசியை மாட்டிவிட்டேன். பாட்டி கண்களை மூடிப் பாடினார். முதல் முறையே குரலும் இசையும் கைகோத்து நடந்தன.

பதிவை முழுவதும் கேட்டு முடித்த பாட்டி, செவிப்பேசியைக் கழற்றவில்லை.

“இன்னொரு தடவை போடுய்யா,” என்றார். அவருடைய விரல்கள் மேசைமேல் தாளமிடத் தொடங்கின.