எடின்பரோவில் ஒரு ஸ்டோர் சாவித் தேர்தல்

எடின்பரோவில் வேவர்லி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பழைய நகருக்குப் போகும் வழியெல்லாம் மேடுதான். 2019 மார்ச். குளிர்காற்றில் மூச்சு வாங்க ஏறினேன். நான்காம் ஜார்ஜ் பாலம் என்று பலகை சொன்னது. ஆனால் பாலத்தைக் காணோம். இருபுறமும் கடைகளும் நூலகமும்தான் இருந்தன. ஓர் இடைவெளியில் எட்டிப் பார்த்த பிறகே, ஆழத்தில் கௌகேட் என்ற இன்னொரு தெரு போவது தெரிந்தது. இந்த நகரம் அப்படித்தான். நாம் தரை என்று நம்பி நடக்கும் இடத்துக்குக் கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

பாலத்தின் தென்கோடியில், சாலை பிரியும் முனையில், கூரிய முகப்போடு ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. தாமஸ் ஹாமில்டன் என்ற கட்டடக்கலைஞர் 1840களில் வடிவமைத்தது. 1980 முதல் அது பெட்லம் தியேட்டர். ஏறக்குறைய 90 பேர் உட்காரலாம். நடத்துகிறவர்கள் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள். முன்பு பக்கத்தில் இருந்த மனநோயாளர் விடுதியின் பெயரே அரங்குக்கும் ஒட்டிக்கொண்டது. ராபர்ட் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1774இல், 24 வயதில், அந்த விடுதியில்தான் இறந்தார். ஆகஸ்டு மாத ஃபிரிஞ்ச் விழாவின்போது இந்த வட்டாரத்தில் தேவாலயம், வகுப்பறை, மதுக்கடை மாடி என்று கிடைத்த இடமெல்லாம் மேடையாகிவிடும். 1947இல் அழைப்பில்லாமல் வந்த எட்டுக் குழுக்களோடு தொடங்கிய விழா அது.

இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னவள் என் அக்கா மகள். கிள்ளான் பெண். படிப்பது வேதியியல், பொழுது போவதெல்லாம் மேடைக்குப் பின்னால். அவள் இருப்பது வேறொரு மாணவர் சங்கத்தில். அங்கே நடிக்கிறவர் ஒருவரும் இல்லை. விளக்கு, ஒலி, மேடை அமைப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் மட்டும். நாடகக் குழுக்கள் கேட்டால் கருவிகளோடு போய் வேலை செய்து கொடுப்பார்கள். அன்று மாலை சங்கத் தேர்தல். கருவிப் பொறுப்பாளர் பதவிக்கு அவள் நின்றாள்.

"தலைவர், செயலாளர்னு நிக்காம இது என்ன ஸ்டோர் வேலை?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டிருந்தார். எனக்கும் அதே கேள்விதான்.

"வந்து பாருங்க மாமா, தலை இடிச்சிக்காம" என்று ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனாள். சுவரெல்லாம் கேபிள் சுருள்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு நிற டேப், பத்து மீட்டருக்கு வேறு நிறம். இருட்டில் தேடும்போது அளந்து பார்க்க நேரம் இருக்காதாம். இரும்புக் குழாயில் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எஃகுக் கம்பி வளையம். கொக்கி கழன்றாலும் விளக்கு கீழே இருப்பவர் தலையில் விழாமல் பிடித்துக்கொள்ள அது.

பிளக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பிரிட்டனில் வீடுகளில் இருப்பது நம் வீட்டில் இருக்கும் அதே சதுரக் கால் பிளக். ஆனால் மேடை விளக்குகளுக்கு வட்டக் கால், 15 ஆம்பியர். நம் ஊரில் ஏர்கோனுக்குப் போடுவோமே, அதுவேதான். சதுரக் கால் பிளக்குக்குள் ஃபியூஸ் உண்டு. வட்டக் காலில் இல்லை. விளக்கு உயரத்தில் தொங்கும்போது பிளக்கில் ஃபியூஸ் போனால், நாடகம் நடுவில் ஏணி போட முடியுமா? அதனால் பாதுகாப்பெல்லாம் கீழே, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில் இருக்கிறது. இன்னொரு லாபம், விளக்குக்கான இணைப்பில் யாரும் கெட்டில் செருக முடியாது.

கேபிள் சுற்றும் விதத்தையும் காட்டினாள். ஒரு வளையம் நேராக, அடுத்தது மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக. இப்படிச் சுற்றினால் முறுக்கு ஏறாது, வீசினால் நேராக விரியும். நம் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்காரர் முழங்கையில் மடமடவென்று சுற்றுவதை நான் திறமை என்று ரசித்திருக்கிறேன். அவளிடம் சொன்னேன். "உள்ள இருக்கிற கம்பி செத்துப்போகும் மாமா" என்றாள்.

எல்லாக் கருவியிலும் சோதனை செய்த தேதியோடு ஒரு சின்ன ஒட்டுவில்லை. மூலையில் சிவப்பு டேப் சுற்றிய சில விளக்குகள் தனியாகக் கிடந்தன. அவற்றை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் நிக்கல்சன் தெருவில் கண்ணாடி முகப்புள்ள ஃபெஸ்டிவல் தியேட்டர் முன் நின்றோம். அந்த இடத்தில் முன்பு எம்பயர் பேலஸ் தியேட்டர் இருந்தது. 1911 மே 9 இரவு, லஃபாயெட் என்ற புகழ்பெற்ற மாயாஜாலக்காரரின் காட்சி முடியும் நேரத்தில், மேடை விளக்கு ஒன்றிலிருந்து அலங்காரத் துணிகளில் தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள். வாத்தியக் குழு தேசிய கீதம் வாசிக்க, அரங்கில் இருந்த சுமார் 3,000 பேரும் எழுந்து வெளியேறிப் பிழைத்தார்கள். திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பிழைக்கவில்லை. லஃபாயெட்டும் இறந்தார். அவர் என்று நினைத்து முதலில் எடுத்த உடல், அவரைப் போல் வேடமிட்டவருடையது. மோதிரங்களை வைத்துத்தான் பிறகு அவரை அடையாளம் கண்டார்கள்.

அவள் கதையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நடந்தாள். சிவப்பு டேப் ஏன் என்று நான் மறுபடி கேட்கவில்லை.

கூட்டம் ஒரு வகுப்பறையில். அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அப்படியானால் வெற்றிதானே என்றேன். இல்லையாம். வாக்குச்சீட்டில் அவள் பெயருக்குக் கீழே 'ரான்' என்று ஒன்று இருந்தது. ஆள் இல்லை; மீண்டும் வேட்புமனு வாங்குங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதற்கு ஓட்டு அதிகம் விழுந்தால் தனியாக நின்றவரும் தோற்றதாகவே கணக்கு. நம் ஊர்ச் சங்கங்களில் இப்படி ஒரு வரி இருந்தால், 'போட்டியின்றித் தேர்வு' என்று மாலை போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்!

இரண்டு நிமிடம் பேசினாள். ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் எண்ணி வாங்குவேன், பழுதானதை அன்றே தனியாக வைப்பேன் என்பதோடு முடித்துவிட்டாள். பிறகு கேள்வி நேரம். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "நாடகம் தொடங்க ஒரு மணி நேரம். ஒரு விளக்கு குறைகிறது. ஸ்டோரில் இருப்பது சிவப்பு டேப் போட்டது ஒன்றுதான். கேட்பது உன் நெருங்கிய தோழி. என்ன செய்வாய்?"

"கொடுக்க மாட்டேன்."

"அவள் காட்சி இருட்டாகிவிடுமே?"

"ஆகட்டும். வேறொரு விளக்கைத் திருப்பிவைக்க நானே ஏணி ஏறுவேன்."

முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். அந்தத் தோழி அவள்தான் என்று பிறகு தெரிந்தது. போன மாதம் நிஜமாகவே நடந்த விஷயமாம். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு நாலு தோழிகள் முக்கியமில்லையா?

சீட்டுகளை எண்ணினார்கள். ஜெயித்துவிட்டாள். ஆனால் ரானுக்கும் சில ஓட்டு விழுந்திருந்தது. "யாரா இருக்கும்?" என்றேன். "டைரக்டருங்க" என்று சிரித்தாள்.

பழைய பொறுப்பாளர் சாவிக்கொத்தையும், காணாமல்போன டார்ச் லைட்டுகளின் பட்டியலையும் அவள் கையில் கொடுத்தார். சாப்பிடப் போகலாம் என்று நான் கோட்டை மாட்டினேன். அவளோ ஸ்டோர் பக்கம் திரும்பிவிட்டாள். எண்ணிக் கையெழுத்துப் போட்டுத்தான் சாவி வாங்க வேண்டுமாம். அந்தத் தோழியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கூட வந்து, கேபிள்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்குப் பத்து மீட்டர் சுருள்களை எண்ணும் வேலை கொடுத்தார்கள்.