ஒரே தோட்டா

நான் எழுதிய கௌபாய்க் கதையில் கதாநாயகன் ரைபிள் தோட்டாவை உருவி ரிவால்வரில் போட்டுச் சுட்டுவிட்டான். வாசகர்கள் விடுவார்களா? "ஸ்வாமி, துப்பாக்கியைக் கண்ணாலாவது பார்த்ததுண்டா?" என்று ஒருவர் கார்டு போட்டார்.

பார்த்ததில்லைதான். வெட்கத்துடன் புஸ்தகங்களைப் புரட்டினேன். 1873-ல் வின்செஸ்டர் கம்பெனி ஒரு ரைபிளும் அதற்கு .44-40 என்ற தோட்டாவும் செய்தது. சில வருஷங்களில் கோல்ட் கம்பெனி அதே தோட்டாவுக்கு ரிவால்வர் செய்தது. குதிரையில் திரிகிறவனுக்கு ஒரே பெல்ட் போதும்! பிழைத்தேன்.

ஆனால் புரட்டிய கை நிற்கவில்லை. ஐடஹோக்காரரான எல்மர் கீத், 1925-ல் தாமே கட்டிய தோட்டாவைச் சுட்டபோது .45 ரிவால்வர் வெடித்துச் சிதறியது. வேறொருவர் துப்பாக்கியையே தலைமுழுகியிருப்பார். அவர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். துளை சிறியதால் உருளையின் சுவர் சற்றுத் தடிமன். சுட்ட பித்தளைக் கூட்டில் புதுக் கேப்பு அடித்து, மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டி, வார்த்த ஈயக் குண்டைச் செருகி, வருஷக்கணக்கில் சுட்டுப் பார்த்தார். மறதியாக ஒரு கூட்டில் இருமுறை மருந்து விழுந்தால் கை போயிற்று. நான் ஒரு வரியை இருமுறை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார், அவ்வளவுதான்.

அவர் விடாமல் நச்சரித்ததன் பலனாக, 1955-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மாக்னம் கொண்டுவந்தன. பிற்பாடு அதற்கும் ரைபிள் வந்தது.

இத்தனையும் எழுதிப் பதில் போட்டேன். மறு கார்டு வந்தது: "எல்லாம் சரி. உமது கதை நடப்பது 1865-ல்."